திருகோணமலையின் பழைய கட்டடத்துக்கு விக்கிப்பீடியாவில் தனிக் கட்டுரை தகுமா? முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய கட்டடம் ஒன்றைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் கட்டுரையை எழுதி முடித்த பிறகுதான் ஆதாரம் தேடுகிறார்கள். கட்டுரை நீக்கப்படும்போது மனம் உடைந்துபோகிறார்கள். அதோடு எழுதுவதையே விட்டுவிடுகிறவர்களும் உண்டு. திருகோணமலையைப் பற்றித் தெரிந்து எழுதக்கூடியவர்கள் குறைவு. அவர்களில் ஒருவரைக்கூட இப்படி இழக்கக் கூடாது.

கட்டுரையை எப்படி எழுதுவது என்பதை இங்கே சொல்லப் போவதில்லை. அதற்கு முந்திய கேள்வி ஒன்றுதான் இங்கே: இந்தக் கட்டடத்துக்குத் தனிக் கட்டுரை தகுமா? கட்டடத்தின் வயதோ அழகோ நம் ஊருக்கு அதன் மீதுள்ள பாசமோ இதைத் தீர்மானிப்பதில்லை. கட்டடத்தோடு சம்பந்தமில்லாத நம்பத்தக்கவர்கள் அதைப் பற்றி விரிவாக எழுதி வெளியிட்டிருக்கிறார்களா என்பதே தீர்மானிக்கிறது. இது ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறதென்றால், கலைக்களஞ்சியத்தில் வரும் ஒவ்வொரு வரியையும் வாசகர் வேறொரு இடத்தில் சரிபார்க்க முடிய வேண்டும். சரிபார்க்க எதுவும் இல்லாத கட்டடத்துக்குக் கட்டுரை எழுதினால், உங்கள் நினைவை மட்டும் நம்பும்படி அவரைக் கேட்கிறீர்கள்.

1. தொடங்குமுன் சேர்த்துக்கொள்ள வேண்டியவை

முதலில் ஒரு கொப்பி, அல்லது கணினியில் ஓர் அட்டவணை. ஒவ்வொரு ஆதாரத்துக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்: யார் எழுதியது, எந்த ஆண்டு, எந்தப் பக்கம், கட்டடத்தைப் பற்றி எத்தனை வரி, எழுதியவருக்கும் கட்டடத்துக்கும் என்ன தொடர்பு. கடைசி இரண்டும்தான் பின்னால் தீர்ப்புச் சொல்லப் போகின்றன. அவற்றை அப்போதே குறிக்காவிட்டால் அதே புத்தகத்தைத் தேடி இன்னொரு முறை அலைய வேண்டிவரும்.

இரண்டாவது, கட்டடம் இருக்கும் பிரதேச செயலாளர் பிரிவு, கிராம அலுவலர் பிரிவு, வீதியின் பெயர். அரச ஆவணங்களில் கட்டடத்தை இவற்றால்தான் கண்டுபிடிக்க முடியும். 'பட்டினமும் சூழலும்' என்ற பிரதேச செயலாளர் பிரிவில் இருப்பதை மூதூர்ப் பட்டியலில் தேடிவிட்டு "பதிவு இல்லை" என்று முடிவுகட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரின் துணை. திருகோணமலை பற்றிய தொல்பொருள் அறிக்கைகளிலும் செய்திகளிலும் கணிசமானவை சிங்களத்தில் இருக்கின்றன. விக்கிப்பீடியா எந்த மொழி ஆதாரத்தையும் ஏற்கும். தமிழில் கிடைக்கவில்லை என்பதற்காக ஒரு கட்டடத்தைக் கைவிடுவது அநியாயம்.

கட்டடத்தின் அழகான படங்கள் இந்தக் கட்டத்தில் தேவையில்லை. ஆனால் அடிக்கல், வாசல் மேலுள்ள எழுத்து, நினைவுக்கல் இருந்தால் அவற்றைத் தெளிவாகப் படமெடுங்கள். அதில் உள்ள ஆண்டும் பெயரும் தேடலுக்கு உதவும். கடற்படை, இராணுவ வளாகங்களில் அனுமதி இல்லாமல் எடுக்க வேண்டாம்.

2. எது 'கட்டடம்' என்று வரையறுத்துக்கொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். ஆனால் பாதிப் பிரச்சினை இங்கேதான் தீர்கிறது.

பிரெட்ரிக் கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 1624இல் போர்த்துக்கேயர் கட்டியது. 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். 1795இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. கோட்டைக்குத் தனிக் கட்டுரை தகும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அதற்குள்ளே வாசல் இருக்கிறது. வாசல் தூணில் மீன் சின்னமும் "முன்னே குளக்கோட்டன்" என்று தொடங்கும் கல்வெட்டும் இருக்கின்றன. உள்ளே பழைய பங்களாக்கள், பீரங்கி மேடைகள். மேலே சுவாமி மலையில் கோணேசர் கோயில். இவற்றில் எதற்குத் தனிக் கட்டுரை, எது கோட்டைக் கட்டுரைக்குள் ஒரு பகுதி?

இப்படிக் கேட்டுப் பாருங்கள்: இந்தப் பகுதியைப் பற்றி எழுதியவர்கள் இதை மட்டும் தனியாக எடுத்து எழுதினார்களா, அல்லது முழுவதைப் பற்றி எழுதும்போது இதையும் தொட்டார்களா? கோணேசர் கோயில் கோட்டைக்குப் பல நூற்றாண்டு முந்தியது. சம்பந்தர் தேவாரத்திலிருந்து இன்றைய ஆய்வுகள் வரை அதற்கென்றே தனியாக எழுத்து இருக்கிறது. ஆகவே தனிக் கட்டுரை. பீரங்கி மேடையைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் கோட்டையைப் பற்றி எழுதியவர்கள். ஆகவே அது ஒரு பகுதி. கல்வெட்டு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: கல்வெட்டறிஞர்கள் அதன் வாசிப்பையும் காலத்தையும் தனியாகவே விவாதித்திருக்கிறார்கள். அதற்குத் தனிக் கட்டுரை எழுத முன்வந்தால் நான் மறுக்க மாட்டேன்.

சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளுக்கும் இதே முறைதான். 99 தாங்கிகளுக்கு 99 கட்டுரை யாரும் கேட்பதில்லை. ஆனால் 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பானியர் தாக்கியபோது ஒரு விமானம் மோதியதாகச் சொல்லப்படும் 91ஆம் தாங்கிக்கு மட்டும் தனிக் கட்டுரை தொடங்கும் ஆசை வரும். அந்தக் கதை சுவையானதுதான். அதற்கு உரிய இடம் தாங்கிகள் பற்றிய கட்டுரையிலோ தாக்குதல் பற்றிய கட்டுரையிலோ இருக்கிறது. சிறிய துண்டாக வெட்டி எடுத்தால் வாசகருக்குச் சூழல் கிடைக்காது. துண்டும் மெலிந்து நிற்கும்.

எல்லையைத் தீர்மானித்த பின், கட்டடத்தின் எல்லாப் பெயர்களையும் எழுதி வையுங்கள். பெரியகுளத்துக்குப் பக்கத்திலுள்ள பௌத்த இடிபாடு ஒன்றே வெல்கம் விகாரை, நாதனார் கோயில், இராசராசப் பெரும்பள்ளி என்று மூன்று பெயரில் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு பெயரில் மட்டும் தேடினால் அங்குள்ள சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் பற்றிய எழுத்தில் பெரும்பகுதி கண்ணில் படாது. ஊரின் பெயரும் அப்படித்தான்: திருகோணமலை, திருக்கோணமலை, திரிகோணமலை, திருமலை. ஐரோப்பியர் எழுதிய பழைய எழுத்துக்கூட்டல்கள் வேறு.

3. ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள்

மேலே சேர்த்த பெயர்கள் ஒவ்வொன்றையும் தமிழ் விக்கிப்பீடியாவின் தேடல் பெட்டியில் போடுங்கள். ஆங்கில, சிங்கள விக்கிப்பீடியாக்களையும் பாருங்கள். முன்பு நீக்கப்பட்ட கட்டுரை என்றால் அந்தத் தலைப்பைத் திறக்கும்போது நீக்கல் பதிவு தெரியும். காரணத்தை வாசித்துவிட்டு மேலே போங்கள். அதே குறையோடு மறுபடி எழுதினால் மறுபடி நீக்குவார்கள்.

ஆங்கிலத்தில் கட்டுரை இருப்பது தமிழில் எழுத உரிமம் அல்ல. அங்கும் கவனிக்கப்படாமல் கிடக்கும் ஆதாரமற்ற கட்டுரைகள் நிறைய. அதன் அடியில் உள்ள மேற்கோள்களை மட்டும் அட்டவணைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

4. வர்த்தமானியைப் பாருங்கள்

இலங்கையில் பழைய கட்டடங்களுக்குச் சட்டப் பாதுகாப்புத் தருவது 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம். அதன்கீழ் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக ஒரு கட்டடம் அறிவிக்கப்பட்டால் அது அரசின் அறிவித்தல்கள் வெளிவரும் இதழான வர்த்தமானியில் வரும். உங்கள் கட்டடம் அதில் இருக்கிறதா என்பதை மற்ற ஆதாரங்களுக்கு முன்பே பார்த்துவிடுங்கள். இருந்தால் வேலையில் பெரிய பங்கு குறைகிறது.

தேசிய அளவில் பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்ட கட்டடத்தைப் பற்றி, வெறும் அளவு விவரத்துக்கு மேல் சரிபார்க்கக்கூடிய தகவல் இருந்தால் அதற்குத் தகுதி உண்டு என்று எடுத்துக்கொள்வது ஆங்கில விக்கிப்பீடியாவின் வழிகாட்டல். தமிழ் விக்கிப்பீடியா தன் முடிவைத் தானே எடுக்கும் தனி விக்கி. ஆனாலும் பேச்சுப் பக்கத்தில், அதாவது கட்டுரையைப் பற்றிப் பயனர்கள் விவாதிக்கும் பக்கத்தில், இந்த நியாயம் எடுபடும்: அரசு ஒரு கட்டடத்தைப் பெயர் சொல்லிக் காப்பாற்ற முடிவெடுத்தது என்றால், அதற்கு முன்னால் யாரோ அதை ஆராய்ந்திருக்க வேண்டும்.

பலர் கவனிக்காமல் விடுவது அந்த நிபந்தனையைத்தான். வர்த்தமானி அறிவித்தலில் பெரும்பாலும் ஒரே ஒரு வரிதான் இருக்கும்: இன்ன கிராம அலுவலர் பிரிவில் உள்ள இன்ன கட்டடம். அந்த ஒரு வரியிலிருந்து கட்டுரை எழுத முடியாது. வர்த்தமானி கதவைத் திறக்கிறது. உள்ளே வைக்கப் பொருள் வேறு இடத்திலிருந்துதான் வர வேண்டும்.

தேடும்போது கட்டடத்தின் பெயரை விடக் கிராம அலுவலர் பிரிவின் பெயரால் தேடுவது நல்லது. கட்டடப் பெயர்கள் சிங்களத்திலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் தமிழுக்கு வரும்போது அடையாளம் தெரியாமல் மாறிவிடுகின்றன. தமிழ்ப் பிரதியில் சந்தேகம் என்றால் மற்ற இரு மொழிப் பிரதிகளோடும் ஒப்பிடுங்கள். அறிவித்தலின் இலக்கத்தையும் தேதியையும் அப்படியே அட்டவணையில் பதியுங்கள்.

வர்த்தமானியில் இல்லை என்றால் தகுதி இல்லை என்று ஆகாது. அடுத்த படி இன்னும் கொஞ்சம் கடினமாகும், அவ்வளவுதான்.

5. ஆதாரம் தேடும் வரிசை

கூகுளில் தொடங்காதீர்கள். முதல் பக்கத்தில் வருவன பெரும்பாலும் சுற்றுலாப் பக்கங்கள். அவை ஒன்றையொன்று பார்த்து எழுதியவை. அவற்றை முதலில் வாசித்தால் அந்தக் கதையே உண்மை என்று மனதில் பதிந்துவிடும். பிறகு நல்ல நூலில் வேறுவிதமாக இருந்தாலும் கண் அதைத் தாண்டிப் போகும்.

நூலக நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தில் தொடங்குங்கள். ஈழத்துத் தமிழ் நூல்கள், இதழ்கள், பத்திரிகைகள், சிறப்பு மலர்கள் அங்கே வருடி வைக்கப்பட்டிருக்கின்றன. தேடலில் கட்டடத்தின் பெயர் அகப்படாவிட்டாலும் திருகோணமலை என்ற தலைப்பின் கீழுள்ள நூல்களின் பொருளடக்கத்தை ஒவ்வொன்றாகப் பாருங்கள். வருடிய பக்கங்களுக்குள் உள்ள சொற்கள் எல்லாம் தேடலில் வருவதில்லை.

அதன் பின் அச்சு நூல்கள். பொது நூலகத்தில் உள்ளூர்த் தொகுப்பு எங்கே என்று நூலகரிடம் கேளுங்கள். பல்கலைக்கழக ஆய்விதழ்கள், தொல்பொருள் திணைக்களத்தின் ஆண்டறிக்கைகள், கல்வெட்டுத் தொகுதிகள் ஆகியவற்றைத் திருகோணமலை என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு புரட்டுங்கள். இணையத்தில் இல்லாத நூலும் முழுமையான ஆதாரமே. ஆசிரியர், தலைப்பு, ஆண்டு, பக்கம் தெளிவாக இருந்தால் போதும். "இணைப்பு இல்லையே" என்று யாராவது கேட்டால் பக்கத்தின் படத்தைக் காட்டலாம்.

ஒல்லாந்தர் காலக் கட்டடம் என்றால் நெதர்லாந்தின் தேசிய ஆவணக் காப்பகம் கிழக்கிந்தியக் கம்பனியின் பழைய வரைபடங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. திருகோணமலை, ஒசுடன்பேர்க் கோட்டைகளின் வரைபடங்களைப் பார்க்கும்போது மெய்சிலிர்க்கும். ஆனால் அவை மூல ஆவணங்கள். கட்டடம் இருந்தது என்பதை அவை காட்டும். யாரோ அதை ஆராய்ந்து எழுதினார் என்பதைக் காட்டா. தகுதியைத் தீர்மானிக்கும்போது அவற்றை எண்ணாதீர்கள். கட்டுரைக்குள் பயன்படுத்தலாம்.

பத்திரிகைகள் அடுத்து. வீரகேசரி, தினகரன் போன்றவற்றின் பழைய இதழ்களில் திறப்புவிழா, புனரமைப்பு, இடிப்புச் செய்திகள் கிடைக்கும். கூகுள் கடைசியில். அதற்குள் எது யாரைப் பார்த்து எழுதப்பட்டது என்று உங்களுக்கே விளங்கும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கேட்டு ஒரு நூற்பெயர் கிடைத்தால், அந்த நூலைக் கையில் எடுத்துப் பக்கத்தைப் பார்க்கும் வரை அட்டவணையில் சேர்க்காதீர்கள். இல்லாத நூலுக்கு ஆசிரியர் பெயரும் பக்க எண்ணும் அது தரும்.

6. ஒவ்வோர் ஆதாரத்தையும் எடைபோடுங்கள்

இதுதான் முக்கியமான படி. அவசரப்படாதீர்கள். ஒவ்வோர் ஆதாரத்திடமும் மூன்று கேள்விகள்: விரிவானதா? சார்பற்றதா? நம்பத்தக்கதா? மூன்றுக்கும் 'ஆம்' வந்தால்தான் அது கணக்கில் சேரும். இரண்டுக்கு ஆம், ஒன்றுக்கு இல்லை என்றால் கட்டுரைக்குள் ஒரு தகவலுக்கு மேற்கோளாக வைக்கலாம். தகுதிக் கணக்கில் அதற்கு இடமில்லை.

விரிவு என்றால், அந்த ஆதாரத்தை மட்டும் வைத்துக் கட்டடத்தைப் பற்றி ஒரு நல்ல பத்தி உங்கள் சொற்களில் எழுத முடிய வேண்டும். "கோட்டை வீதியில் பழைய மடம் ஒன்றும் உண்டு" என்ற வரியிலிருந்து பத்தி வராது. 1913இல் ஜே. பி. லூயிஸ் இலங்கையிலுள்ள கல்லறை எழுத்துகளைத் தொகுத்து வெளியிட்டார். அப்படியான தொகுப்பில் ஒரு கல்லறை வருவது பதிவு; கல்லறைத் தோட்டத்தைப் பற்றிய ஆய்வு அல்ல.

சார்பின்மையில்தான் நம் ஊரில் அதிகம் சிக்கல். நமக்குக் கிடைக்கும் தமிழ் எழுத்தில் பெரும்பங்கு மலர்களில் இருக்கிறது: கோயிலின் கும்பாபிஷேக மலர், பாடசாலையின் நூற்றாண்டு மலர், தேவாலயத்தின் யூபிலி மலர். மலரை வெளியிடுவது அந்த நிறுவனமே. தன்னைப் பற்றித் தானே எழுதியது என்பதால் அது சார்புள்ள ஆதாரம்.

ஆனால் எல்லா மலரையும் ஒரேயடியாகத் தள்ளிவிடுவது தவறு என்பது என் கருத்து. மலருக்குள் யார் எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். தலைவரின் வாழ்த்துரை, செயலாளரின் "எமது ஆலய வரலாறு" ஆகியவை சேரா. அதே மலரில் ஒரு பல்கலைக்கழக வரலாற்றுத் துறைப் பேராசிரியர் அடிக்குறிப்புகளோடு ஆய்வுக் கட்டுரை எழுதியிருந்தால், அவர் பெயராலும் துறையாலும் அதற்கு எடை உண்டு. போர்க்காலத்தில் ஆய்விதழ்கள் ஒழுங்காக வெளிவராதபோது எத்தனையோ நல்ல கட்டுரைகள் மலர்களில்தான் அச்சேறின. அதைப் பேச்சுப் பக்கத்தில் விளக்கி வாதாடுங்கள். அந்த ஒரு கட்டுரையை மட்டுமே நம்பி நிற்காமல் வெளியிலிருந்து இன்னொன்றையும் சேர்த்தால் வாதம் நிற்கும்.

கட்டடத்தின் உரிமையாளர் அரச நிறுவனமாக இருந்தாலும் இதே நியாயம்தான். ஒசுடன்பேர்க் கோட்டை கடற்படைத் தளத்துக்குள் இருக்கிறது. கடற்படை தன் பக்கத்தில் அதைப் பற்றி எழுதினால் அது உரிமையாளர் எழுதியது. கோட்டைகளை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் எழுதினால் அது சார்பற்றது. ஒசுடன்பேர்க் விஷயத்தில் அப்படிப்பட்ட எழுத்து போதியளவு இருக்கிறது. உள்ளே போய்ப் பார்க்க முடியவில்லை என்பது கட்டுரைக்குத் தடை அல்ல. நேரில் பார்த்ததை எப்படியும் ஆதாரமாக வைக்க முடியாது.

நம்பகம் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. தனிப்பட்ட முகநூல் பதிவு, யூடியூப் சுற்றுலாக் காணொளி, ஆசிரியர் பெயரில்லாத இணையப் பக்கம் சேரா. ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறேன்: விக்கிப்பீடியாவிலிருந்து எடுத்து எழுதிய பக்கத்தை விக்கிப்பீடியாவுக்கே ஆதாரமாகக் கொண்டுவராதீர்கள். ஆங்கிலக் கட்டுரையில் யாரோ ஆதாரமில்லாமல் போட்ட ஆண்டு ஒரு ஹோட்டல் பக்கத்துக்குப் போய், பத்திரிகைக்குப் போய், மேற்கோளாகத் திரும்பி வரும். ஆண்டு, அளவு, சொற்றொடர் எல்லாம் அச்சாக ஒத்திருந்தால் சந்தேகப்படுங்கள். எது முந்தியது என்று தேதியைப் பாருங்கள்.

எத்தனை ஆதாரம் வேண்டும் என்பதற்கு எண் விதி கிடையாது. மூன்று கேள்வியையும் தாண்டிய இரண்டு மூன்று, வெவ்வேறு ஆட்கள் எழுதியவை இருந்தால் நான் தயங்காமல் எழுதச் சொல்வேன். ஒரே ஆசிரியரின் நான்கு கட்டுரைகளை ஒன்றாகவே எண்ணுங்கள். ஒரே செய்தி நிறுவனத்தின் செய்தி நான்கு பத்திரிகைகளில் வந்திருந்தாலும் அது ஒன்றுதான்.

7. தகுதிபோலத் தோன்றும், ஆனால் தகுதி ஆகாதவை

பிரபலமானவர் தங்கினார் என்பது முதலாவது. பிரெட்ரிக் கோட்டைக்குள் வெலிங்டன் பெயரால் வழங்கும் பழைய வீட்டை எடுத்துக்கொள்வோம். ஆர்தர் வெல்லெஸ்லி, அதாவது பின்னாளில் வெலிங்டன் கோமகன், 1800 டிசம்பரில் திருகோணமலைக்கு வந்தது உண்மை. 1801 பெப்ரவரியில் படையோடு பம்பாய்க்குப் போனார். சுற்றுலாப் பக்கங்கள் சொல்லும் கதை, அவர் நோயுற்று இந்த வீட்டில் தங்கியதால் கப்பலைத் தவறவிட்டார், அந்தக் கப்பல் மூழ்கியது, அவர் பிழைத்தார் என்பது. ஆனால் அவர் நோயுற்றது பம்பாயில். அவர் இல்லாமல் போய்க் கடலில் காணாமற்போன சுசானா என்ற கப்பலும் அங்கிருந்து புறப்பட்டதே.

இந்த வீட்டை அட்டவணையில் வைத்துப் பார்த்தால்: வெல்லெஸ்லியின் கடிதங்கள் மூல ஆவணம், வாழ்க்கை வரலாறுகள் படையெடுப்பைப் பற்றிப் பேசுகின்றன, வீட்டைப் பற்றி அல்ல, சுற்றுலாப் பக்கங்கள் ஒன்றையொன்று பார்த்து எழுதியவை. இவை மட்டுமே கையில் இருந்தால் தனிக் கட்டுரை தகாது. கோட்டைக் கட்டுரைக்குள் ஒரு பகுதி, அதில் கதையும் ஆவணமும் எங்கே வேறுபடுகின்றன என்ற விளக்கம், வீட்டின் பெயரிலிருந்து ஒரு வழிமாற்று (அந்தப் பெயரைத் தேடுகிறவரைத் தானாகக் கோட்டைக் கட்டுரைக்குக் கொண்டுசேர்ப்பது). இதுவே நேர்மையான முடிவு. யாராவது கட்டடக் கலைஞர் அந்த வீட்டை அளந்து ஆராய்ந்து எழுதினால் முடிவு மாறலாம்.

புனித ஸ்தேவான் கல்லறைத் தோட்டத்தில் கடற்படைத் தளபதி சார்லஸ் ஆஸ்டின் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1852இல் பர்மாவில் இறந்த அவர், எழுத்தாளர் ஜேன் ஆஸ்டினின் சகோதரர். அந்தப் புகழும் கல்லறைத் தோட்டத்துக்குத் தானாகக் கைமாறாது. அவருடைய கட்டுரையில் ஒரு வரி தாராளமாகச் சேர்க்கலாம்.

வயது இரண்டாவது. தடித்த சுவரும் மரத்தூண் விறாந்தையும் ஓட்டுக் கூரையும் இருந்தால் "ஒல்லாந்தர் காலத்தது" என்று சொல்லிவிடுகிறோம். 1795க்குப் பிறகும் ஒன்றரை நூற்றாண்டு ஆங்கிலேயர் இங்கே கட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதை மறந்துவிடுகிறோம். காலத்தை நீங்கள் ஊகிக்க வேண்டாம். ஆராய்ந்தவர் சொன்னதை எழுதுங்கள். காலம் நிச்சயமானாலும் வயது மட்டும் தகுதி ஆகாது.

மூன்றாவது, ஒரு நாள் செய்தி. கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்ற எதிர்ப்புச் செய்தி எல்லாப் பத்திரிகையிலும் ஒரே கிழமையில் வந்து அதோடு அடங்கிவிடும். கோபம் நியாயமானதாக இருக்கலாம். ஆனால் செய்தி சர்ச்சையைப் பற்றியது. கட்டடத்தின் வரலாற்றை அது சொல்வதில்லை. சில மாதம் பொறுத்து, யாராவது ஆழமாக எழுதினார்களா என்று பாருங்கள்.

நான்காவதும் கடினமானதும் உரிமைக் கோரிக்கை. நம் மாவட்டத்தில் ஒரே இடத்தை இரண்டு சமூகங்கள் தங்களுடையது என்று சொல்வதுண்டு. தகுதிக் கேள்வியில் யார் சரி என்பது வராது. அந்த இடத்தைப் பற்றி விரிவான எழுத்து இருக்கிறதா என்பது மட்டுமே வரும். "எங்கள் தரப்பு பதிவாக வேண்டும்" என்பதற்காகத் தனிக் கட்டுரை தொடங்கினால் அது நடுநிலையில் நிற்காது. ஒரே கட்டுரைக்குள் யார் என்ன சொல்கிறார்கள் என்பதைப் பெயரோடும் ஆதாரத்தோடும் வையுங்கள். தலபுராணம் சொல்வதைத் தலபுராணம் சொல்வதாகவே எழுதலாம். அதை ஆண்டுக் கணக்காக மாற்றத்தான் கூடாது.

8. தீர்மானியுங்கள்

அட்டவணையில் மூன்று கேள்வியையும் தாண்டியவற்றை மட்டும் வட்டமிடுங்கள்.

இரண்டு மூன்று இருந்தால், அல்லது வர்த்தமானி அறிவித்தலோடு நல்ல ஆதாரம் ஒன்றாவது இருந்தால், தனிக் கட்டுரை எழுதுங்கள். ஒன்றே ஒன்று இருந்து வர்த்தமானியிலும் இல்லை என்றால், பெரிய கட்டுரை ஒன்றுக்குள் ஒரு பகுதியாக எழுதுங்கள்: கோட்டை, வீதி, ஊர், பாடசாலை, மறைமாவட்டம், எது பொருந்துமோ அது. அப்புறம் கட்டடத்தின் பெயர்களிலிருந்து அந்தப் பகுதிக்கு வழிமாற்றுப் போடுங்கள். பெயரைத் தேடி வருகிறவர் சரியான இடத்துக்கு வந்து சேர்வார். ஆதாரம் கூடும்போது பகுதியைப் பிரித்துத் தனிக் கட்டுரை ஆக்குவதும் சுலபம்.

வர்த்தமானி வரி மட்டும் இருந்தால் மாவட்ட நினைவுச்சின்னப் பட்டியலில் ஒரு வரிசை. எதுவும் இல்லை என்றால் இப்போதைக்குக் கட்டுரை இல்லை.

இழுபறியாக இருந்தால் தனியே முடிவெடுக்க வேண்டாம். தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் கேளுங்கள். "இந்தக் கட்டடத்துக்குக் கட்டுரை எழுதலாமா?" என்று வெறுமனே கேட்காமல், ஆதாரங்களை ஒரு வரி விளக்கத்தோடு வையுங்கள். பதில் சொல்கிறவர்கள் திருகோணமலையைப் பார்த்திராதவர்களாக இருக்கலாம். ஊரின் முக்கியத்துவத்தைச் சொல்லி அவர்களை நம்பவைக்க முடியாது. பக்க எண்ணைச் சொன்னால் நம்புவார்கள்.

நீங்கள் கோயில் பரிபாலன சபையிலோ, பாடசாலையின் பழைய மாணவர் சங்கத்திலோ, பள்ளிவாசல் நிர்வாகத்திலோ இருந்தால், அந்தக் கட்டடத்தைப் பற்றிய தீர்மானத்தை வேறொருவரிடம் விடுங்கள். உங்கள் தொடர்பைப் பேச்சுப் பக்கத்தில் சொல்லிவிட்டு, சேர்த்த ஆதாரங்களைக் கொடுங்கள். உள்ளே இருப்பவருக்குத்தான் பழைய கடிதங்களும் படங்களும் கிடைக்கும்; அந்த உதவிக்கு மதிப்பு உண்டு. எழுதும் கை மட்டும் வேறாக இருக்கட்டும்.

9. 'இப்போதைக்கு இல்லை' என்று முடிந்தால்

இந்த ஊரில் பல கட்டடங்களுக்கு இந்த முடிவுதான் வரும், அது வலிக்கவும் செய்யும். போரிலும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையிலும் கட்டடங்களோடு வீட்டு ஆவணங்களும் புத்தகங்களும் அழிந்தன. எழுதப்படாமல் போனதற்கு அந்தக் கட்டடங்கள் பொறுப்பல்ல. ஆனாலும் விக்கிப்பீடியாவில் அதை ஈடுசெய்ய முடியாது. அங்கே முதன்முதலாக எதையும் எழுதக் கூடாது. வேறிடத்தில் வெளிவந்ததைத்தான் தொகுக்கலாம். ஆகவே உழைப்பை அந்த 'வேறிடத்துக்கு' கொண்டுபோங்கள்.

படங்களை விக்கிப்பீடியாக்களுக்கான பொதுப் படக் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றுங்கள். அங்கே கட்டுரைக்கான தகுதி விதி கிடையாது. நீங்களே எடுத்த படம், இடம், தேதி, சரியான விளக்கம் இருந்தால் போதும். கட்டடம் நாளைக்கு இடிந்தாலும் படம் இருக்கும். ஆதாரமாகக் காட்ட ஓர் ஆவணமாவது இருந்தால் விக்கிப்பீடியாவோடு இணைந்த தரவுத்தளமான விக்கித்தரவில் ஓர் உருப்படியும் (பதிவும்) உருவாக்கலாம்.

கட்டடத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வதைக் குரல்பதிவாக எடுத்து, அவர்கள் சம்மதத்தோடு நூலக நிறுவனத்தின் ஆவணகம் போன்ற இடத்தில் பாதுகாக்கக் கேளுங்கள். வாய்மொழியை விக்கிப்பீடியா நேரடியாக ஏற்காது. நாளைக்கு ஒரு ஆய்வாளர் அந்தப் பதிவைக் கேட்டு எழுதினால் அதை ஏற்கும். வீட்டில் கிடக்கும் பழைய மலர், அழைப்பிதழ், துண்டுப்பிரசுரம் எதையும் எறியாமல் வருடக் கொடுங்கள்.

பல்கலைக்கழகத்தில் வரலாறோ தொல்லியலோ படிக்கும் மாணவர் யாராவது தெரிந்தால், உங்கள் அட்டவணையை அவரிடம் கொடுங்கள். ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் ஒருவருக்கு, இன்னும் யாரும் எழுதாத கட்டடமும் ஆதாரங்கள் எங்கே இருக்கின்றன என்ற குறிப்பும் பெரிய உதவி. அவருடைய கட்டுரை ஆய்விதழில் வெளிவந்த பின் ஆறாம் படிக்குத் திரும்பி வந்து மறுபடி எடைபோடுங்கள்.